காவல் யார் கையில்?

தெற்கே ஓர் அரண்மனை, கிழக்கே ஒரு மலை, காலடியில் ஓர் ஓடை. நாட்டின் மரபுச் செல்வம் எங்கே காக்கப்படுகிறது, எங்கே கைவிடப்படுகிறது என்பதைத் திருவனந்தபுரத்தின் தம்பானூரில் நின்றே பார்த்துவிடலாம்.

நாகர்கோவிலிலிருந்து வரும் காலை ரயில் திருவனந்தபுரம் சென்ட்ரலில் நின்றதும், இறங்குகிறவர்களில் பலர் தமிழ் பேசிக்கொண்டுதான் வருவார்கள். சிலர் கையில் ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை இருக்கும். மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ ஸ்ரீசித்திரை மருத்துவமனைக்கோ போகிறவர்கள் அவர்கள். சிலர் சாலைக் கடைத்தெருவில் சரக்கெடுக்க வந்தவர்கள். ரயில் நிலையத்தின் கருங்கல் முகப்பைத் தாண்டி வெளியே வந்தால், எதிரே அரசுப் பேருந்து நிலையம். இரண்டுக்கும் நடுவே நெரிசலாக ஓடும் சாலையும் அதைச் சுற்றிய தெருக்களும்தான் தம்பானூர்.

பேருந்து நிலையத்தின் பக்கத்தில் செங்கல்லால் எழுப்பிய உருண்டைக் கட்டடம் ஒன்று கண்ணில் படும். இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே போனால் மாடிப்படி கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டு போகிறது. அந்தச் சரிவிலும் மட்டமாக நிற்கும்படி, வெளிச்சுவரை ஒட்டி மேசைகளையும் இருக்கைகளையும் கட்டியே வைத்திருக்கிறார்கள். சுவரில் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற்களின் வழியே காற்று வருகிறது. வெயில் சின்னச் சின்னச் சதுரங்களாக வந்து தட்டில் விழுகிறது. விசிறி மடிப்புத் தலைப்பாகை கட்டிய பணியாளர் கொண்டுவந்து வைக்கும் மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவந்து கிடக்கிறது.

இதைக் கட்டியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, காந்தியைச் சந்தித்த பிறகு இந்தியாவையே தன் நாடாக்கிக்கொண்டவர். திருவனந்தபுரத்தில் குடியேறி, செங்கல்லும் சுண்ணாம்பும் உள்ளூர்க் கொத்தனாரின் கைத்திறனும் போதும் என்று வாழ்நாளெல்லாம் கட்டிக் காட்டியவர். 1990இல் பத்மஸ்ரீ பெற்றார், 2007இல் மறைந்தார். உலகெங்கும் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் இந்தக் காபிக் கடையின் படத்தைப் பார்த்திருப்பார்கள். ஆனால் நாட்டின் தொல்சின்னச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால், இந்தக் கட்டடத்துக்கு அதில் ஒரு வரிகூட இடம் கிடையாது.

ஏன் என்று பார்ப்பதற்கு, ஒரு நாடு தன் மரபைக் காக்க என்னென்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசியல் சட்டத்தின் 49ஆம் பிரிவு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்கிறது. 1976இல் சேர்த்த 48ஏ பிரிவு காட்டையும் காட்டுயிரையும் அரசின் பொறுப்பாக்கியது. அதே ஆண்டு சேர்த்த 51ஏ பிரிவு, பண்பாட்டு மரபை மதித்துக் காப்பதையும் காடு, ஏரி, ஆறுகளைப் பேணுவதையும் ஒவ்வொரு குடிமகனின் கடமையாக எழுதி வைத்தது. ஆக, அரசும் பொறுப்பு, நாமும் பொறுப்பு.

இந்தக் கடமையைச் செய்யும் அமைப்புகளில் மூத்தது இந்தியத் தொல்லியல் துறை. 1861இல் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் தொடங்கியது. மாமல்லபுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும் அதன் பொறுப்பில் இருக்கின்றன. 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் அதன் கையில் அதிகாரத்தைக் கொடுத்தது. 2010இல் வந்த திருத்தம், சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிதாக எதையும் கட்டக் கூடாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்றும் எல்லை போட்டது.

ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிய, ஒரு சின்னத்துக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். தம்பானூர் ரயில் நிலையம் 1931இல் திறக்கப்பட்டது; அதற்கே இன்னும் நூறு ஆகவில்லை. பேக்கரின் காபி ஹவுஸ் அதைவிட எத்தனையோ இளையது. அதுவரை இவை நிற்குமா என்பது சட்டத்தின் கவலையில்லை.

பட்டியலில் ஏறியவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு முன்வைத்த அறிக்கை இதைப் பளிச்சென்று சொன்னது. மத்திய அரசின் பாதுகாப்பில் அப்போது இருந்த 3,693 சின்னங்களில் 248 இடங்களில்தான் காவலர்கள் இருந்தார்கள். 50 சின்னங்கள் காணாமல் போயிருந்தன. அவற்றில் 14 நகரப் பெருக்கத்தில் மறைந்தவை. 12 அணை நீரில் மூழ்கியவை. மீதி 24 எங்கே என்றே தெரியவில்லை. 2024இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே எடுப்பதாகத் தொல்லியல் துறை அறிவித்தது. ஒரு கல்லறையும் ஒரு கல்வெட்டும் ஆளில்லாமல் கிடந்தால், பட்டியலில் இருந்தாலும் தொலைந்துபோகும்.

பட்டியலுக்கு வெளியே இருப்பவை

அப்படியானால் பட்டியலில் ஏறாத லட்சக்கணக்கான வீடுகள், குளங்கள், சத்திரங்கள், பாலங்களின் கதி? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 1984 ஜனவரி 27 அன்று ‘இன்டாக்’ பதிவானது. கலை, பண்பாட்டு மரபுக்கான இந்தியத் தேசிய அறக்கட்டளை. ராஜீவ் காந்தி அதன் முதல் தலைவர். புபுல் ஜெயகரும் கபிலா வாத்ஸ்யாயனும் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள். அது அரசுத் துறை அல்ல. உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் தன்னாட்சி அமைப்பு. நாடெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட கிளைகள் வழியே, ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டடங்களைப் பட்டியலிடுவதும், ஓலைச்சுவடியையும் ஓவியத்தையும் சீர்செய்வதும், ஏரி குளங்களை மீட்பதும் அதன் வேலைகள்.

2004இல் இன்டாக் ஒரு சாசனம் வெளியிட்டது. சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத மரபுக் கட்டடங்களை எப்படிப் பேண வேண்டும் என்பதே அதன் பேச்சு. பழைய கட்டடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதைவிட, அதைக் கட்டிய மரபை உயிரோடு வைத்திருப்பது முக்கியம் என்று அது சொன்னது. சுண்ணாம்புச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனாரும் உத்தரம் இழைக்கத் தெரிந்த ஆசாரியும் இல்லாமல் போனால், மிஞ்சுகிற கட்டடம் வெறும் சுவர்தான்.

இந்த எண்ணம் தெருவில் இறங்கினால் எப்படியிருக்கும் என்பதைப் புதுச்சேரியில் பார்க்கலாம். வைசியாள் வீதி என்று பழைய பெயர் கொண்ட கால்வே சுப்பராய செட்டி வீதியில், தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூணுமாக நின்ற தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறிக்கொண்டிருந்தன. இன்டாக் அந்த வீட்டுக்காரர்களையும் உள்ளாட்சியையும் சேர்த்துக்கொண்டு தெருவின் முகப்பையே மீட்டது. 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அதே புதுச்சேரியில், கடற்கரைச் சாலையில் நூறாண்டு தாண்டி நின்ற மேரி கட்டடம் பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பெருஞ்செலவில் பழைய உருவிலேயே மறுபடி கட்டினார்கள். ஒரே ஊரில் இரண்டு பாடம்.

இன்டாக்கின் குறையையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட், நிலத்தையும் மாளிகையையும் தானே சொந்தமாக வைத்துக் காக்கிறது. அப்படி அறிவித்த சொத்தை விற்க முடியாதபடி 1907இல் சட்டமும் பெற்றது. நம் இன்டாக்கிடம் அந்த அதிகாரம் இல்லை. பட்டியல் போடலாம், அறிவுரை சொல்லலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம். இடிக்கும் கையைப் பிடித்து நிறுத்தும் உரிமை அதற்குக் கிடையாது.

தெற்கே போகும் பேருந்து

தம்பானூரில் நாகர்கோவில் பேருந்தில் ஏறினால், களியக்காவிளையில் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும். தக்கலையில் இறங்கிச் சற்று உள்ளே போனால் பத்மநாபபுரம் அரண்மனை. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இந்த ஊர்தான் திருவிதாங்கூரின் தலைநகர். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனை கேரளத்திடமே இருந்தது. இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் அதைப் பராமரிக்கிறது.

செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது நல்லதற்குத்தான், அந்தத் தரையைக் காலால் தொட்டுப் பார்க்க வேண்டும். கறுத்து, வழவழத்து, குனிந்தால் முகம் தெரியும் தரை. சுண்ணாம்பும் சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்தது என்பார்கள். மந்திரசாலையின் சரிந்த மரத் தட்டிகள் வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஊட்டுப்புரை ஆளில்லாமல் நீண்டு கிடக்கிறது. நான்கு நிலை உப்பரிகை மாளிகையின் உச்சியில் சுவரெல்லாம் ஓவியம். எல்லாம் மரம், எல்லாம் எளிதில் செல்லரிக்கக் கூடியவை. பெருமழை பெய்யும் இந்த மண்ணில் ஒரு மர மாளிகை நூற்றாண்டுகளாக நிற்கிறதென்றால், ஒரு தலைமுறைகூடக் கையை எடுக்கவில்லை என்று அர்த்தம். 2014இல் இது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தது.

திருவிதாங்கூருக்குத் தன் பழமையைப் படிக்கும் பழக்கம் அப்போதே இருந்தது. அதில் தமிழர் கை உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை இந்தத் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். நாடகம் எழுதிய கையோடு வேணாட்டுக் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, அந்நாட்டின் பழைய அரசர்களின் காலத்தை நிறுவி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அவருக்குப் பிறகு திருவிதாங்கூர் தொல்லியல் துறையை வழிநடத்திய து. அ. கோபிநாத ராவ், வட்டெழுத்திலும் தமிழிலும் இருந்த கல்வெட்டுகளைத் தொகுதி தொகுதியாக அச்சில் ஏற்றினார். தென்குமரி முதல் கொல்லம் வரையிலான நம் வரலாற்றுக்கு அந்தத் தொகுதிகள் இன்றும் முதல் ஆதாரம்.

அரண்மனையின் உயிர் சுவருக்குள் மட்டும் இல்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு, பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். சரஸ்வதி யானை மேல். அது கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாறும். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் காவலர்களும் கூடவே நடப்பார்கள். களியக்காவிளையில் ஒரு மாநிலத்துக் காவல் வழியனுப்ப, மறு மாநிலத்துக் காவல் எதிர்கொண்டு அழைக்கும். திருவனந்தபுரம் சேர்ந்ததும் சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், குமாரசுவாமிக்கு ஆரியசாலை, முன்னுதித்த நங்கைக்குச் செந்திட்டை. செந்திட்டை தம்பானூரிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

எல்லைக்கோடு போட்டபோது இந்த ஊர்வலத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வழியெங்கும் நிறைவிளக்கு ஏற்றி வைத்து நிற்கும் வீட்டுக்காரர்கள்தான் அதைக் காப்பாற்றினார்கள்.

கிழக்கே போகும் பேருந்து

இன்னொரு பேருந்து நெடுமங்காடு வழியாக விதுரா போகிறது. அதற்கப்பால் போணக்காடு. அங்கிருந்து காட்டுக்குள் ஏறினால் அகஸ்தியர்கூடம். உயரம் 1,868 மீட்டர். நமக்கு அது பொதிகை. கிழக்குச் சரிவில் தாமிரபரணி. மேற்குச் சரிவில் கரமனை ஆறும் நெய்யாறும். கரமனை ஆற்றைப் பேப்பாறை அணையில் தேக்கி, அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் கொண்டுவருகிறார்கள். திருநெல்வேலிக்காரர் தம்பானூரில் இறங்கி ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தால், ஊரில் குடித்த அதே மலையின் தண்ணீரைத்தான் குடிக்கிறார்.

இந்த மலைக்குக் காவல் பல அடுக்கு. பேப்பாறை, நெய்யாறு, செந்துருணி சரணாலயங்கள் கேரளப் பக்கம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் நம் பக்கம். 2001இல் தொடங்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் இன்று இவற்றையெல்லாம் உள்ளடக்கியது. பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இந்தக் காடுகளும் அதில் இருந்தன. 2016இல் காப்பகம் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோள வலையமைப்பிலும் சேர்ந்தது. மலையேற வேண்டுமானால் ஆண்டில் சில வாரங்கள் மட்டும், வனத்துறை குறித்த எண்ணிக்கையில்தான் போக முடியும்.

இத்தனை பலகைகள் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே காவல் இருந்தவர்கள் காணிகள். இரு மாநிலத்திலும் பரவி வாழும் பழங்குடிகள். ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. வைத்தியமும் மந்திரமும் அறிந்தவர் பிலாத்தி. கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டு இரவெல்லாம் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் விரட்டும் மரபு அவர்களுடையது.

1987 டிசம்பரில் தாவரவியல் அறிஞர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு இந்த மலையில் ஏறியது. வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் ஒரு சிறு பழத்தை அவ்வப்போது வாயில் போட்டுக்கொண்டு, களைப்பே தெரியாமல் ஏறினார்கள். அறிஞர்களுக்கு மூச்சு வாங்கியது. கேட்டதற்கு முதலில் அவர்கள் சொல்லவில்லை. அது குலத்தின் ரகசியம். பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு ஏழாண்டு உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய்; விற்பனையில் 2 சதவீதம் உரிமைப் பங்கு. இதில் பாதி காணிகளுக்கு என்று பூங்கா முடிவு செய்தது. 1997இல் காணிகளின் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவாகி, 1999இல் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதற்கு வந்து சேர்ந்தது.

பழங்குடியின் அறிவுக்குப் பணத்தில் பங்கு கொடுத்த முதல் முயற்சிகளில் ஒன்று என்று உலகமே இதைப் பேசியது. ஆனால் மலையில் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. காட்டிலிருந்து இலை பறிப்பதற்கு வனத்துறை தடை போட்டது. செடி காட்டைவிட்டு வெளியே வளர்ந்தால் அதே குணம் தருவதில்லை. வேறு பகுதிக் காணிகள் எங்களைக் கேட்டீர்களா என்றார்கள். நியாயமான கேள்வி. ஒரு துறை கொடுத்ததை இன்னொரு துறை தடுத்தது; ஓர் ஊரைக் கேட்டவர்கள் மற்ற ஊர்களைக் கேட்கவில்லை.

இந்தச் சிக்கலை எல்லாம் தீர்க்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. 2002இல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2003இல் தேசியப் பல்லுயிர் ஆணையம் அமைந்தது. தலைமையகம் நம் சென்னையில். அதன் அமைப்பு மூன்று படி. நாட்டுக்கு ஆணையம், மாநிலத்துக்கு வாரியம், ஒவ்வோர் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு. ஊரில் உள்ள செடி, கொடி, நெல் ரகம், மாட்டினம், நாட்டு வைத்தியம் எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். வெளியார் வந்து எடுத்தால் ஊருக்குப் பங்கு தர வேண்டும். முக்கியமான இடத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாகவும் மாநில அரசு அறிவிக்கலாம்.

தமிழ்நாட்டில் அப்படி முதலில் அறிவிக்கப்பட்டது மதுரை அரிட்டாபட்டி. 2022 நவம்பரில், 193 ஹெக்டேர். ஏழு மலை, ஏரிகள், ஊற்றுகள், லகுடு வல்லூறு, தமிழி எழுத்துக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைந்த சிவன் கோயில். இயற்கையும் வரலாறும் ஒரே பாறையில் இருக்கும் இடம். 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் போன செய்தி வந்தது. மேலூர்ப் பக்கத்துக் கிராம சபைகள் ஒவ்வொன்றாக அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று ஊர் ஊராகத் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ‘மரபுத் தலம்’ என்ற அரசாணை அவர்கள் கையில் ஓர் ஆயுதமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வர ஊர் இருந்ததால்தான் அந்த ஆணை பிழைத்தது.

காலடியில் ஓர் ஓடை

மறுபடி தம்பானூர். இங்கே மூன்றாவது இடத்துக்குப் பேருந்து வேண்டாம். ரயில் தண்டவாளங்களுக்கு அடியிலேயே அது ஓடுகிறது. ஆமயிழஞ்சான் தோடு. பெயரிலேயே ஆமை இருக்கிறது. சுமார் 12 கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓடி ஆக்குளம் காயலில் சேரும் நீர்வழி. திருவனந்தபுரத்தின் மழைநீரை வாங்கிக் கடலுக்கு அனுப்புவது அதன் வேலை. தம்பானூர் தாழ்ந்த இடம். ஒரு மணி நேரம் பலத்த மழை பெய்தால் பேருந்து நிலையத்தின் முன்னால் முழங்கால் தண்ணீர் நிற்கும். 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஆக்கிரமிப்புகளை அகற்றி வடிகால்களைத் திறந்தார்கள். பிறகு குப்பை மறுபடி சேர்ந்தது.

2024 ஜூலை 13 அன்று, ரயில் நிலையத்துக்கு அடியில் போகும் பகுதியில் அடைத்துக்கிடந்த குப்பையை எடுக்க ஒரு தூய்மைப் பணியாளர் இறங்கினார். மழை பெய்தது, நீர் ஏறியது, அவர் திரும்பவில்லை. தீயணைப்புப் படை, பேரிடர் மீட்புப் படை, முக்குளிப்பவர்கள், இயந்திரக் கருவிகள் என்று எல்லாம் வந்தன. இருட்டுக் குகை போன்ற அந்த வழியில் குப்பையை விலக்கிக்கொண்டுதான் நகர முடிந்தது. மூன்றாம் நாள் காலை, கொஞ்சத் தூரம் தள்ளி அவர் உடல் மிதந்தது.

அதற்குப் பிறகு எழுந்த பேச்சை நாடே கேட்டது. அது ரயில்வேயின் இடம், ரயில்வேதான் சுத்தம் செய்ய வேண்டும் என்றது ஒரு தரப்பு. குப்பை நகரத்திலிருந்து வருகிறது, நகரம்தான் தடுக்க வேண்டும் என்றது மறு தரப்பு. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

அரண்மனைக்கு உடைவாள் உண்டு. மலைக்கு யுனெஸ்கோ பலகை உண்டு. இந்த ஓடைக்கு எதுவும் இல்லை. எந்தப் பட்டியலிலும் அது மரபு ஆகாது. ஆனால் பொதிகையில் பெய்யும் மழையை ‘உலக மரபு’ என்று கொண்டாடிவிட்டு, அதே மழை நகரத்துக்குள் இறங்கும் வழியைச் சாக்கடை என்று கைவிட்டால், நாம் காப்பது மரபையா, பெயர்ப்பலகையையா? இரண்டு துறைகளின் எல்லையில் விழுந்த ஓடை, ஒரு மனிதரின் உயிரை வாங்கிய பிறகுதான் நம் கண்ணில் பட்டது.

என்ன செய்ய வேண்டும்?

மூன்று இடங்களையும் பார்த்த பிறகு ஒன்று தெளிவாகிறது. எங்கே ஒரு பொறுப்பாளி இருக்கிறாரோ, எங்கே அந்த இடத்தைத் தன்னுடையது என்று நினைக்கும் ஊரும் இருக்கிறதோ, அங்கே மரபு நிற்கிறது. பத்மநாபபுரத்தில் இரண்டும் உண்டு. அகத்தியமலையில் பொறுப்பாளிகள் உண்டு. ஆனால் அவர்கள் காணிகளை முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அரிட்டாபட்டியில் ஊர் முன்னால் வந்து அரசைப் பின்னால் அழைத்துவந்தது. ஆமயிழஞ்சானில் இரண்டுமே இல்லை.

ஆகவே தேசிய அமைப்புகளிடம் நாம் கேட்க வேண்டியது இன்னொரு பட்டியல் அல்ல. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காவலரை நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நூறு வயது ஆகாத, ஆனால் இழந்தால் திரும்பக் கிடைக்காத பேக்கர் கட்டடங்கள் போன்றவற்றுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு கேட்க வேண்டும். இன்டாக் போன்ற அமைப்பின் பட்டியலுக்கு, இடிப்பு அனுமதி தரும் மாநகராட்சி மேசையில் மதிப்பு இருக்க வேண்டும். நகரத்து நீர்வழிகளையும் இயற்கை மரபாகக் கணக்கில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு துறையைப் பொறுப்பாக்க வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். நம் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா? மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் நம் ஊர்க் குளமும் கோயில்காடும் பாட்டியின் கைவைத்தியமும் ஏறியிருக்கின்றனவா? இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். எழுத உட்காருகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருங்கள்.